ஆண்ட்ரூ ஃபூருசெத்

ஆண்ட்ரூ ஃபூருசெத் (மார்ச் 12, 1854 - ஜனவரி 22, 1938) நோர்வேயில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த மாலுமியும் தொழிற்சங்கத் தலைவரும் ஆவார். பசிபிக் மாலுமிகள் சங்கத்தின் செயலாளராக நாற்பது ஆண்டுகளுக்கு மேலும், அனைத்துலக மாலுமிகள் சங்கத்தின் தலைவராகத் தம் வாழ்வின் இறுதி வரையும் பணியாற்றினார். ஒப்பந்தம் முடியுமுன் கப்பலை விட்டு விலகும் மாலுமியைச் சிறையில் அடைக்கும் சட்டத்தை நீக்குவதற்காக அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களிடையே இவர் பல்லாண்டுகள் ஆதரவு திரட்டினார். அம்முயற்சியின் விளைவாக 1915 ஆம் ஆண்டில் மாலுமிகள் சட்டம் நிறைவேறியது. இவர் கடலின் ஆபிரகாம் லிங்கன் என்றும் அழைக்கப்படுகிறார்.

இளமைக்காலம்

நோர்வேயின் ஹெட்மார்க் பகுதியிலுள்ள ரூமெதால் என்னும் ஊரில் வறிய குடும்பம் ஒன்றில் ஃபூருசெத் பிறந்தார். இவரது இயற்பெயர் ஆண்டர்ஸ் ஆண்ட்ரியாசன் என்பதாகும். ஃபூருசெத் என்பது குடும்பம் வாழ்ந்த இடத்தின் பெயர். நோர்வே வழக்கப்படி அதுவே பின்னர் இவரது குடும்பப் பெயராயிற்று. வறுமை காரணமாக எட்டு வயதிலேயே அயலிலிருந்த பண்ணை ஒன்றில் வேலைக்கு விடப்பட்டார். அங்கிருந்தவாறே பள்ளியிலும் பயின்றார். வாசிப்பில் மிகுந்த ஆர்வம் கொண்டிருந்தார்.

1870 ஆம் ஆண்டில் அக்காலத்தில் கிறித்தியானியா எனப்பட்ட ஒஸ்லோ நகருக்குச் சென்று எழுத்தராகப் பணிபுரிந்தார். இராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர முயன்று தோல்வியுற்றார். இக்காலத்தில் ஆங்கிலம், செருமன் முதலிய பிற மொழிகளையும் கற்றார். இம்மொழியறிவு பிற்காலத்தில் பல நாட்டு மாலுமிகளுடன் பழகவும் சட்ட நூல்களைப் படிக்கவும் இவருக்குப் பெரிதும் உதவியது.

கடல் வாழ்க்கை

1873 ஆம் ஆண்டில் ஃபூருசெத் பாய்க்கப்பல் ஒன்றில் மாலுமியாகச் சேர்ந்தார். நோர்வே, சுவீடன், பிரித்தானியா, அமெரிக்கா எனப் பல நாட்டுக் கொடிகளின் கீழ்ப் பயணம் செய்தார். 1880 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவை வந்தடைந்தார். அதன் பின்னர் அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் கப்பல்களிலும் மீன்பிடிக் கப்பல்களிலும் வேலை செய்தார்.

அக்கால மாலுமிகளின் நிலை

ஃபூருசெத்தின் பணியைப் புரிந்துகொள்ள அக்கால மாலுமிகளின் சட்ட நிலையை அறிதல் வேண்டும். நிலத்தில் வேலை செய்யும் தொழிலாளி ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டு விலகினால், முதலாளி அவர் மீது இழப்பீட்டு வழக்குத் தொடரலாம். அவரைச் சிறையில் அடைக்க இயலாது. ஆனால் கப்பலில் பணிபுரிய ஒப்பமிட்ட மாலுமி, பயணம் முடியுமுன் கப்பலை விட்டு நீங்குவது குற்றமாகும். அவரைக் கைது செய்து சிறையில் அடைக்கவும், வலுக்கட்டாயமாகக் கப்பலுக்கு மீட்டுக் கொண்டுவரவும் சட்டம் இடமளித்தது. அவர் ஈட்டியிருந்த ஊதியமும் பறிமுதலாகும்.

கரையிலும் மாலுமி சுதந்திரமாக இருக்கவில்லை. துறைமுக விடுதி நடத்துவோரும் ஆள் சேர்க்கும் தரகர்களும் அவரைக் கடனில் ஆழ்த்தினர். புதிய கப்பலில் ஒப்பமிடும்போது வழங்கப்படும் முன்பணம், கடனுக்கு ஈடாக நேரே தரகரின் கைக்குப் போயிற்று. எனவே மாலுமி தன் பயணத்தின் முதல் சில வாரங்களைக் கூலியின்றியே உழைத்துக் கழிக்க வேண்டியிருந்தது. தரகர் வழியாக அன்றி வேலை பெறுவதும் அரிதாக இருந்தது. கப்பலில் அதிகாரிகள் மாலுமிகளை அடிப்பதும் வழக்கமாக இருந்தது.

இவை யாவும் சட்டத்தின் பின்பலத்துடன் நடைபெற்றன. கப்பலை விட்டு விலகுவதே குற்றமாக இருக்கையில் கடலோடிகளின் வேலைநிறுத்தம் எளிதில் முறியடிக்கப்பட்டது. ஊதியம் உயர்வதற்கு முன்னர் சட்டம் மாற வேண்டும் என்னும் முடிவுக்கு ஃபூருசெத் வந்ததற்கு இதுவே காரணம்.

தொழிற்சங்கப் பணி

1885 மார்ச் 6 அன்று சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் கூடிய மாலுமிகள் கரையோர மாலுமிகள் சங்கத்தைத் தொடங்கினர். அப்போது ஃபூருசெத் கடலில் இருந்தார். கரைக்குத் திரும்பியதும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சங்கத்தில் சேர்ந்தார். 1886 ஆம் ஆண்டில் கப்பல் உரிமையாளர்கள் ஒன்றுகூடி, சங்கப் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டுத் தாங்கள் வழங்கும் நடத்தைச் சான்றுப் புத்தகத்தைப் பெறும் மாலுமிகளுக்கே வேலை தரப்படும் என அறிவித்தனர். இதனை எதிர்த்த வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

1887 ஆம் ஆண்டில் ஃபூருசெத் சங்கச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடையில் சிறிது காலம் மீண்டும் கடலுக்குச் சென்றார். 1891 ஜூலையில் கரையோர மாலுமிகள் சங்கமும் நீராவிக் கப்பல் மாலுமிகளின் சங்கமும் இணைந்து பசிபிக் மாலுமிகள் சங்கம் உருவாயிற்று. இவ்விணைப்பில் ஃபூருசெத்துக்கு முக்கிய பங்கு உண்டு. அவ்வாண்டு முதல் 1930களின் நடுப்பகுதி வரை இவரே அதன் செயலாளராக விளங்கினார்.

1893 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உரிமையாளர்கள் மீண்டும் சங்கத்தைத் தாக்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் சங்கம் சாராத மாலுமிகள் தங்கிய விடுதி ஒன்றின் அருகே வெடிகுண்டு வெடித்துச் சிலர் இறந்தனர். சங்கத்துக்கு அதில் பங்கு இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் பொதுமக்களின் வெறுப்பு சங்கத்தின் மீது திரும்பியது. வேலைநிறுத்தம் என்னும் கருவி கைநழுவிய இந்நிலையில், சங்கம் சட்டமியற்றுவோரை நாட முடிவு செய்தது. 1894 ஆம் ஆண்டில் ஃபூருசெத் சங்கத்தின் பேராளராக வாசிங்டனுக்கு அனுப்பப்பட்டார்.

மகுவயர் சட்டம்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து காங்கிரசுக்குத் தேர்வான ஜேம்ஸ் மகுவயர் மாலுமிகளின் கோரிக்கைகளை ஏற்று, அவற்றைச் சட்டவரைவுகளாகப் பிரதிநிதிகள் அவையில் முன்வைத்தார். அவற்றுள் ஒன்று 1895 பெப்ரவரியில் சட்டமாயிற்று. மகுவயர் சட்டம் எனப்படும் இது, கரையோர வணிகக் கப்பல்களில் வேலையை விட்டு விலகும் மாலுமிகளைச் சிறையிலிடுவதை நீக்கியது. அக்கப்பல்களில் ஊதிய முன்பணத்தைத் தரகருக்கு எழுதிக் கொடுப்பதையும், கடனுக்காக மாலுமியின் உடைகளைக் கைப்பற்றுவதையும் தடை செய்தது. ஆனால் தொலை கடல் செல்லும் கப்பல்களுக்கு இச்சட்டம் பொருந்தவில்லை.

அராகோ வழக்கு

இக்குறைபாடு விரைவிலேயே வெளிப்பட்டது. 1895 ஆம் ஆண்டில் அராகோ என்னும் கப்பலில் சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகம் வரை செல்ல ஒப்பமிட்ட நான்கு மாலுமிகள், வழியில் ஒரிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவில் கப்பலை விட்டு நீங்கினர். அவர்கள் கைது செய்யப்பட்டு, கப்பல் புறப்படும் வரை சிறையில் வைக்கப்பட்டு, பின்னர் வலுக்கட்டாயமாகக் கப்பலில் ஏற்றப்பட்டனர். கப்பலில் வேலை செய்ய மறுத்ததால், சான் பிரான்சிஸ்கோவில் அவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது.

உள்நாட்டுப் போருக்குப் பின் செய்யப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம், அடிமை முறையையும் குற்றத் தண்டனையாக அன்றிப் பிற கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. மாலுமிகளைக் கட்டாயமாக வேலை வாங்குவது இத்திருத்தத்துக்கு முரணானது எனச் சங்கம் வாதிட்டது. 1897 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. மாலுமியின் ஒப்பந்தம் பண்டைக் காலம் முதலே தனித்தன்மை உடையதாகக் கருதப்பட்டு வந்தது என்றும், அரசியலமைப்புத் திருத்தம் அதனை மாற்றும் நோக்கம் கொண்டதன்று என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நீதிபதி ஜான் ஹார்லன் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்.

இத்தீர்ப்பினால் நீதிமன்றத்தின் வழி அடைபட்டது. காங்கிரஸ் ஒன்றே மாலுமிகளுக்கு எஞ்சியிருந்த வழியாயிற்று.

ஒயிட் சட்டம்

1898 டிசம்பரில் நிறைவேறிய ஒயிட் சட்டம், அதனை முன்னெடுத்த கலிபோர்னியாவின் செனட் உறுப்பினர் ஸ்டீபன் ஒயிட்டின் பெயரால் அழைக்கப்படுகிறது. அமெரிக்கக் கப்பலில் பணிபுரியும் அமெரிக்க மாலுமி அமெரிக்கத் துறைமுகத்திலும் அண்டைப் பகுதித் துறைமுகங்களிலும் கப்பலை விட்டு நீங்கினால் சிறைத் தண்டனை இல்லை என்று இச்சட்டம் விதித்தது. மற்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில் தண்டனை ஒரு மாதமாகக் குறைக்கப்பட்டது. கப்பல்களில் உடல்வதைத் தண்டனை முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆயினும் வெளிநாடுகளில் சிறைத் தண்டனை நீடித்ததால் ஃபூருசெத் இதனை ஒரு படியாகவே கருதினார்.

ஆதரவு திரட்டிய முறை

காங்கிரஸ் கூடும் காலங்களில் ஃபூருசெத் வாசிங்டனில் எளிய அறைகளில் தங்கினார். சங்கத்திலிருந்து ஒரு மாலுமியின் ஊதிய அளவுக்கே சம்பளம் பெற்றார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. விருந்துகளோ தேர்தல் நிதியோ வழங்கும் வசதி இவரது சங்கத்துக்கு இல்லை. மாலுமிகள் பெரும்பாலும் கடலில் இருந்தமையாலும், பலர் வெளிநாட்டவராக இருந்தமையாலும் தேர்தலில் அவர்களது வாக்குவலிமையும் சிறிதாகவே இருந்தது.

இந்நிலையில் இவர் நம்பியவை சான்றுகளும் சட்ட அறிவுமே ஆகும். பழைய கடல்சார் சட்டங்களைக் கற்றறிந்தார். சட்டவரைவுகளின் சொற்களைத் தாமே எழுதினார் அல்லது திருத்தினார். குழு விசாரணைகளில் சாட்சியம் அளித்தார். காங்கிரஸ் உறுப்பினர்களைத் தனித்தனியே சந்தித்து, பாய்மரம், ஒப்பந்தம், முன்பணம் எனக் கடல் அறியாத அவர்களுக்குப் பொறுமையுடன் விளக்கினார்.

சங்கத்தின் இதழ் அமெரிக்கக் கப்பல்களில் நடைபெற்ற கொடுமைகளைத் தொகுத்து 1895 ஆம் ஆண்டில் சிவப்புப் பதிவேடு என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டது. கப்பலின் பெயர், நடந்த கொடுமை, வழக்கின் முடிவு என ஒவ்வொரு நிகழ்வும் அதில் பதியப்பட்டிருந்தது. சாமுவேல் காம்பர்ஸ் தலைமையிலான அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் ஆதரவையும் ஃபூருசெத் பெற்றார். அக்கூட்டமைப்பின் சார்பிலும் இவர் வாசிங்டனில் பணியாற்றினார். இதனால் சிறிய சங்கமொன்றின் கோரிக்கை, நாட்டின் தொழிலாளர் அனைவரின் கோரிக்கையாக உறுப்பினர்களிடம் சென்றடைந்தது.

மாலுமிகள் சட்டம், 1915

1909 ஆம் ஆண்டில் ஃபூருசெத் விஸ்கொன்சின் மாநிலத்தின் செனட் உறுப்பினரான ராபர்ட் லா ஃபாலெட்டைச் சந்தித்தார். கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள மாநிலத்தைச் சேர்ந்த லா ஃபாலெட், மாலுமிகளுக்கு இன்னும் இந்நிலை இருப்பதை அறிந்து அவர்களது சட்டவரைவைச் செனட்டில் முன்னெடுக்க ஒப்புக்கொண்டார். பிரதிநிதிகள் அவையில் முன்னாள் சுரங்கத் தொழிலாளியான வில்லியம் பி. வில்சன் அதனை முன்வைத்தார்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கி ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர். அக்கப்பலில் 2,200 பேர் வரை இருந்தும், உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடமிருந்தது. படகுகளைச் செலுத்தப் பயிற்சி பெற்ற மாலுமிகளும் போதவில்லை. மாலுமியின் உரிமையும் பயணிகளின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று ஃபூருசெத் முன்னரே வாதிட்டு வந்தார். சுதந்திரமற்ற தொழிலைத் திறமையானோர் நாடமாட்டார். திறமையற்றோர் கையில் கப்பல் பாதுகாப்பாக இராது என்பது இவரது வாதமாகும். இப்போது அதற்குச் செவிசாய்ப்போர் பெருகினர்.

1913 மார்ச்சில் காங்கிரஸ் நிறைவேற்றிய வரைவில் குடியரசுத் தலைவர் வில்லியம் டாஃப்ட் ஒப்பமிடவில்லை. காங்கிரசின் காலமும் அவரது பதவிக்காலமும் முடிவடைந்ததால் அது செயலற்றுப் போயிற்று. இருபது ஆண்டுகால முயற்சி மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பியது.

அடுத்த குடியரசுத் தலைவரான ஊட்ரோ வில்சன், 1913 நவம்பரில் இலண்டனில் தொடங்கிய கடற்பயணப் பாதுகாப்பு மாநாட்டுக்கு ஃபூருசெத்தைப் பேராளர்களுள் ஒருவராக அனுப்பினார். மாநாட்டு உடன்படிக்கை தம் வரைவை விடக் குறைந்த தரங்களை வகுப்பதையும், அது நிறைவேறினால் காங்கிரசின் கைகள் கட்டப்படும் என்பதையும் உணர்ந்த ஃபூருசெத், மாநாடு முடியுமுன் பதவி விலகி நாடு திரும்பினார். அமெரிக்கா உயர்ந்த தரங்களைத் தானே விதித்துக்கொள்ளும் உரிமையை ஒதுக்கி வைத்த பின்னரே செனட் அவ்வுடன்படிக்கைக்கு இசைவளித்தது.

1915 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு அவைகளும் புதிய வரைவை நிறைவேற்றின. ஆனால் இச்சட்டம் நடைமுறைக்கு வர வேண்டுமாயின், தப்பியோடும் மாலுமிகளைப் பிடித்துக் கொடுப்பதாகப் பிற நாடுகளுடன் செய்யப்பட்டிருந்த ஒப்பந்த விதிகளை அமெரிக்கா விலக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் வெளியுறவுச் செயலாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் இதனை விரும்பவில்லை. லா ஃபாலெட்டும் ஃபூருசெத்தும் பிரையனையும் வில்சனையும் சந்தித்து வேண்டினர். ஒப்பந்தங்களை விலக்கிக்கொள்வதற்குக் கால இடைவெளி வழங்க லா ஃபாலெட் உடன்பட்டார். பிரையன் தம் நிலையை மாற்றிக்கொண்டார். காங்கிரசின் காலம் முடிவடையும் நாளான 1915 மார்ச் 4 அன்று வில்சன் சட்டத்தில் ஒப்பமிட்டார்.

சட்டத்தின் முக்கிய விதிகள்

* வேலையை விட்டு விலகும் மாலுமிக்குச் சிறைத் தண்டனை நீக்கப்பட்டது.
* அமெரிக்கத் துறைமுகங்களில் வெளிநாட்டுக் கப்பல்களின் மாலுமிகளைக் கைது செய்து ஒப்படைக்கும் விதிகள் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டன.
* சரக்கு ஏற்றி இறக்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும், அதுவரை ஈட்டி, பெறாதிருக்கும் ஊதியத்தில் பாதியைக் கேட்டுப் பெறும் உரிமை மாலுமிக்கு வழங்கப்பட்டது.
* துறைமுகத்தில் வேலைநேரம் நாளொன்றுக்கு 9 மணியாக வரையறுக்கப்பட்டது.
* தளப் பணியாளரில் தேர்ச்சி பெற்ற மாலுமிகளின் பங்கு முதலாண்டில் 40 விழுக்காடாகவும், படிப்படியாக உயர்ந்து 65 விழுக்காடாகவும் இருத்தல் வேண்டும்.
* ஒவ்வொரு பிரிவிலும் 75 விழுக்காட்டினர் அதிகாரிகளின் ஆணைகளைப் புரிந்துகொள்ளும் மொழியறிவு உடையோராதல் வேண்டும்.
* உயிர்காப்புப் படகுகள், மாலுமிகளின் உறைவிடத்தின் அளவு ஆகியவற்றுக்கும் தரங்கள் வகுக்கப்பட்டன.

நடைமுறையும் விளைவுகளும்

வெளிநாட்டு மாலுமிகளும் அமெரிக்கத் துறைமுகத்தில் தடையின்றி விலகலாம் என்றால், அவர்களை இழக்காதிருக்க வெளிநாட்டு உரிமையாளர்கள் அமெரிக்க அளவுக்கு ஊதியம் தர நேரும். அதனால் உலகெங்கும் மாலுமிகளின் ஊதியம் சமமாகும் என ஃபூருசெத் எதிர்பார்த்தார். கப்பல் உரிமையாளர்கள் இச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தனர். பசிபிக் மெயில் கப்பல் நிறுவனம் 1915 ஆம் ஆண்டில் இச்சட்டத்தைக் காரணம் காட்டித் தன் பசிபிக் பெருங்கடல் கப்பல்களை விற்றது. சட்டத்தைச் செயற்படுத்திய அரசுத் துறைகள் தேர்ச்சி, மொழி ஆகியவற்றுக்கான தேர்வுகளைத் தளர்வாக நடத்துவதாகச் சங்கம் தொடர்ந்து முறையிட்டது.

நீதிமன்றத் தீர்ப்புகள் இரு திசையிலும் அமைந்தன. வெளிநாட்டுக் கப்பல்கள் வெளிநாட்டுத் துறைமுகங்களில் வழங்கும் முன்பணத்தை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என உச்ச நீதிமன்றம் 1918 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 1920 ஆம் ஆண்டில், அமெரிக்கத் துறைமுகத்திலுள்ள வெளிநாட்டுக் கப்பலின் மாலுமியும் பாதி ஊதியத்தைக் கோரலாம் என உறுதி செய்தது.

போர்க்காலத்தில் ஊதியம் உயர்ந்தது. சங்க உறுப்பினர் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் போருக்குப் பின் கப்பல் தொழில் நலிந்தது. 1921 ஆம் ஆண்டின் ஊதியக் குறைப்பை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. சில ஆண்டுகளில் உறுப்பினர் தொகை முன்பிருந்ததில் சிறு பகுதியாகச் சுருங்கியது. சட்டம் மாலுமியைச் சிறையிலிருந்து காத்தது. வேலையின்மையிலிருந்து காக்க அதனால் இயலவில்லை.

தொழிற்சங்கங்களுக்கு எதிராக நீதிமன்றங்கள் பிறப்பித்த தடையாணைகளையும் ஃபூருசெத் எதிர்த்து வந்தார். 1920களின் இறுதியில் செனட்டில் ஷிப்ஸ்டெட் முன்வைத்த தடையாணை எதிர்ப்பு வரைவு ஃபூருசெத் எழுதியதாகும். அது நிறைவேறவில்லை. சட்ட அறிஞர்கள் வேறு வகையில் எழுதிய வரைவே 1932 ஆம் ஆண்டில் நாரிஸ்-லகுவார்டியா சட்டமாயிற்று.

ஆசிய மாலுமிகள் குறித்த நிலைப்பாடு

ஃபூருசெத் விடுதலைக்காகப் போராடியவர் எனினும், அவ்விடுதலையை எல்லா இனத்தவருக்கும் சமமாகக் கருதவில்லை. சீனர் முதலிய ஆசியர் அமெரிக்காவில் குடியேறுவதையும் அமெரிக்கக் கப்பல்களில் பணிபுரிவதையும் அவர் எதிர்த்தார். கடல்தொழில் வெள்ளை இனத்தவரிடமே இருத்தல் வேண்டும் என்று வெளிப்படையாக வாதிட்டார். சட்டத்தின் மொழி விதி பாதுகாப்பைக் காரணமாகக் கொண்டிருந்தபோதிலும், பசிபிக் கப்பல்களில் குறைந்த ஊதியத்துக்கு அமர்த்தப்பட்ட சீன மாலுமிகளை விலக்குவதும் அதன் நோக்கமாக இருந்தது.

கப்பலை விட்டு விலகும் உரிமையும் ஆசியருக்கு முழுமையாகக் கிட்டவில்லை. 1882 ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டமும், இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான ஆசிய நாடுகளின் மக்களைத் தடுத்த 1917 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமும் நடைமுறையில் இருந்தன. எனவே பிரித்தானியக் கப்பல்களில் ஐரோப்பியரை விட மிகக் குறைந்த ஊதியம் பெற்ற லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள், அமெரிக்கத் துறைமுகத்தில் விலகினாலும் அங்கு குடியேறச் சட்டம் இடமளிக்கவில்லை. உலக மாலுமிகள் அனைவரின் ஊதியமும் சமமாகும் என்னும் ஃபூருசெத்தின் எதிர்பார்ப்பு நிறைவேறாமைக்கு, அவரே ஆதரித்த இவ்விலக்குக் கொள்கையும் ஒரு காரணமாகும்.

இறுதிக் காலம்

1934 ஆம் ஆண்டில் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளரும் மாலுமிகளும் பெரும் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். எண்பது வயதை எட்டியிருந்த ஃபூருசெத்துக்குப் புதிய தலைமுறையின் போர்க்குணமிக்க போக்கு உவப்பாக இல்லை. இளைய மாலுமிகளோ சட்டத்தை விட வேலைநிறுத்தத்தையும் துறைமுகத் தொழிலாளருடனான ஒற்றுமையையும் நம்பினர். 1936 ஜனவரியில் அனைத்துலக மாலுமிகள் சங்கம், ஃபூருசெத் வளர்த்த பசிபிக் மாலுமிகள் சங்கத்தையே தன்னிடமிருந்து விலக்கியது. நோர்வேயில் பிறந்த மற்றொரு மாலுமியான ஹாரி லண்டபர்க் பசிபிக் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1937 ஆம் ஆண்டில் கிழக்குக் கரையில் தேசிய கடல்சார் சங்கம் தோன்றியதும் அனைத்துலக மாலுமிகள் சங்கம் சிதைவுற்றது.

மறைவும் நினைவும்

ஃபூருசெத் 1938 ஜனவரி 22 அன்று வாசிங்டனில் காலமானார். அவரது உடல் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கட்டிடத்தில் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் ஒருவருக்கு இம்மதிப்பு அளிக்கப்பட்டது அதுவே முதன்முறையாகும். அவரது விருப்பப்படி, அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சாம்பல் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே கப்பலிலிருந்து தூவப்பட்டது.

சிற்பி ஜோ டேவிட்சன் உருவாக்கிய ஃபூருசெத்தின் மார்பளவுச் சிலை சான் பிரான்சிஸ்கோவில் நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது கட்டப்பட்ட லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்களுள் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது.

பகுப்புகள்: 1854 பிறப்புகள் | 1938 இறப்புகள் | தொழிற்சங்கத் தலைவர்கள் | அமெரிக்கத் தொழிலாளர் வரலாறு | மாலுமிகள்